தரங்கம்பாடி: ஒரு மணி நேர ஊரா, இரண்டு நாள் ஊரா?

#1 வைகறை

தை மாதக் கடைசியில் ஐந்து பேர் தரங்கம்பாடிக்குப் போகிறோம். அதில் இருவர் எழுபது தாண்டியவர்கள், ஒரு சின்னப் பையன். யாரைக் கேட்டாலும் "கோட்டை முன்னாடி போட்டோ எடுத்துட்டு ஒரு மணி நேரத்துல கிளம்பிடலாம், திருக்கடையூரையும் வேளாங்கண்ணியையும் சேர்த்துக்கோங்க" என்கிறார்கள். விடுதிக்காரர்கள் இரண்டு ராத்திரி தங்கச் சொல்கிறார்கள். அவர்கள் சொல்லத்தானே செய்வார்கள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்: உள்ளபடிக்கு எவ்வளவு நேரம் தேவை? கடலில் குளிக்கலாமா? "ஓசோன் காற்று வீசும் கடற்கரை" என்று பார்க்கும் இடமெல்லாம் எழுதியிருக்கிறதே, அது நிஜமா?

#2 கரையோரம்

ஒரு மணி நேரம் கோட்டைக்கு மட்டும் சரி. ஊருக்குப் போதாது. பிற்பகல் மூன்று மணிக்குப் போய் இறங்கி, ராத்திரி தங்கி, மறுநாள் பத்து மணிக்குக் கிளம்பினால் அளவாக இருக்கும். இரண்டாவது ராத்திரி தேவையில்லை, புத்தகம் படித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்கும் என்றால் தவிர.

ஏன் இந்தக் கணக்கு என்றால், நடுப்பகலில் அந்த ஊரில் நிழல் கிடையாது. கோட்டைக்கு முன்னால் இருப்பது பெரிய வெட்டவெளி, டென்மார்க்கிலிருந்து வந்து இங்கே கோட்டை கட்டிய டேனியர் காலத்து அணிவகுப்புத் திடல். பதினோரு மணிக்கு வேனில் வந்து இறங்குகிறவர்கள் அந்தத் திடலைப் பார்த்ததுமே களைத்துப்போய் ஒரு மணி நேரத்தில் கிளம்பிவிடுகிறார்கள். ஊருக்குக் கெட்ட பேர் அப்படித்தான் வந்தது.

மெயின் ரோட்டில் இறங்கி நகர வாயில் வழியாக உள்ளே போங்கள். வெள்ளையடித்த வாயில், மேலே டென்மார்க் அரச முத்திரை, இப்போது நிற்பது 1792-ல் கட்டியது. அதைத் தாண்டினால் கிங்ஸ் தெரு நேரே கடலுக்குப் போகும். வாயிலிலிருந்து அலை வரைக்கும் அரைக் கிலோமீட்டர் சொச்சம், மேடு பள்ளம் இல்லாத சமதரை, பெரியவர்களுக்குச் சிரமம் இராது. வழியில் 1701-ஐச் சேர்ந்த சீயோன் ஆலயம், 1718-ல் கட்டிய புதிய எருசலேம் ஆலயம், கவர்னர் பங்களா, கடைசியில் திடலும் கோட்டையும் கடலும். கோட்டைக்குள் மேல்தளத்துக்கு ஏற வேண்டும், அங்கே மட்டும் கைப்பிடித்து நிதானமாகக் கூட்டிப்போங்கள்.

வெள்ளிக்கிழமை கோட்டை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. வியாழன் ராத்திரி தங்கி வெள்ளி காலை பார்க்கலாம் என்று திட்டம் போடாதீர்கள்.

#3 ஏட்டுச்சுரைக்காய்

கரையோரம் சொன்ன வழி சரி. எதைப் பார்க்கிறோம் என்று தெரிந்துகொண்டு போனால் அந்த அரைக் கிலோமீட்டர் இன்னும் நீளும். சுருக்கமாக:

டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்டியான் 1616-ல் கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கினார். 1618-ல் ஓவே கெட்டே என்ற, 24 வயதுகூட நிரம்பாத தளபதியின் கீழ் கப்பல்கள் கிளம்பின. குறி தரங்கம்பாடியே இல்லை, இலங்கை. கண்டி அரசரோடு ஒப்பந்தம் என்ற நம்பிக்கையில் வந்தார்கள். போய்ச் சேர்வதற்குள் அங்கே நிலைமை மாறிவிட்டது. முன்னதாக வந்த ஒரு கப்பல் காரைக்கால் பக்கத்தில் போர்த்துக்கீசியரிடம் அடிவாங்கி அழிந்தது. அதிலிருந்து தப்பிய ரோலண்ட் கிராப்பே தஞ்சைக்குப் போய் ரகுநாத நாயக்கரைச் சந்தித்தார். 1620 நவம்பரில் ஒப்பந்தம் ஆனது. மிளகு வாங்கவும் கோட்டை கட்டவும் கடற்கரையில் ஒரு துண்டு நிலம் கிடைத்தது. நாயக்கர் பொன் ஏட்டில் எழுதி டென்மார்க் அரசருக்கு அனுப்பிய கடிதம் இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது.

ஆக, இலங்கைக்குப் போன கப்பல் வழிதவறாமலே வேறு ஊரில் இறங்கிய கதை இது.

கோட்டையின் பெயர் டான்ஸ்போர்க். கீழ்த்தளம் முழுக்கக் கிடங்கு, சிறை, காவலர் அறைகள். மேல்தளத்தில் அதிகாரிகள் குடியிருப்பும் வழிபாட்டு இடமும். மேலே நடு மண்டபத்தில் அண்ணாந்து பாருங்கள்: ஒட்டக முதுகு மாதிரி நான்கு கவிகை, அதாவது குவிமாடம், நடுவில் ஒரே தூண். ஓலைக் கூரையும் மரச்சட்டமும் இல்லாமல் செங்கலும் சுண்ணாம்பும் மட்டுமே அந்தப் பாரத்தைத் தாங்குகின்றன.

#4 மூன்றாம்கண்

பெயர்க்காரணத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தரங்கம் என்றால் அலை. அலைகள் பாடுவதால் தரங்கம்பாடி. எவ்வளவு அழகான பெயர்!

#5 ஏட்டுச்சுரைக்காய்

அழகுதான், ஆனால் இலக்கணம் ஒத்துக்கொள்ளாது. வாணியம்பாடியில் வாணியர் பாடுகிறார்களா? காட்பாடியில் காடு பாடுகிறதா? ஊர்ப்பெயரில் வரும் "பாடி" குடியிருப்பு என்ற பொருளில் வருவது.

இன்னொன்று, அங்குள்ள மாசிலாமணி நாதர் கோயில் கல்வெட்டு. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தது, 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கம். அதில் ஊர்ப்பெயர் சடங்கன்பாடி என்றும் குலசேகரன்பட்டினம் என்றும் வருகிறது. தரங்கம் பிற்காலத்தில் ஒட்டியது. "பட்டினம்" என்ற சொல்லைக் கவனியுங்கள். டேனியர் வருவதற்கு முன்னூறு வருஷத்துக்கு முன்பே அது துறைமுகம். வெறும் மணல்மேட்டில் வெள்ளைக்காரன் வந்து ஊர் உண்டாக்கினான் என்று வழிகாட்டிகள் சொல்வதை அப்படியே விழுங்க வேண்டாம்.

#6 மூன்றாம்கண்

சரி ஐயா, அலை பாடவில்லை, ஒத்துக்கொள்கிறேன். அந்தக் கோயில் இப்போதும் கடலுக்குள் நிற்கிறதா?

#7 நீரோட்டம்

கடலுக்குள் அல்ல, கடலின் வாசலில். முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. மிச்சத்தைக் காப்பாற்றப் பாறைகளைக் கொட்டிப் புதுப்பித்திருக்கிறார்கள். கோட்டையிலிருந்து கரையோடு வடக்கே சிறிது தூரம் நடந்தால் வரும். 1733-ல் ட்ரெல்லுண்ட் என்ற டேனியர் வரைந்த ஊர் வரைபடம் இருக்கிறது. அதையும் இன்றைய செயற்கைக்கோள் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மேற்குப் பக்கமும் தெருக்களின் நேர்கோடுகளும் அப்படியே பொருந்தும். கிழக்கு ஓரம்தான் காணாமல் போயிருக்கும்.

குளிப்பதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கோட்டைக்கு முன்னாலும் கோயிலுக்கு முன்னாலும் குளிக்க வேண்டாம், மூன்று காரணம்.

முதலாவது பாறைகள். கரையைக் காக்கப் போட்ட கற்கள் சரிந்து, பாதி மணலில் புதைந்து, தண்ணீருக்கடியில் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும். மேலே பாசி. கால் வைத்தால் வழுக்கும், அலை தூக்கிப் போட்டால் கல்லின் மேல்தான் போடும்.

இரண்டாவது, இந்தக் கரையில் ஏற்ற இறக்க வித்தியாசம் ஒரு மீட்டருக்குள்தான். அதனால் "தண்ணீர் வற்றியிருக்கும் நேரம்" என்று பாதுகாப்பான நேரம் ஒன்று அமையாது. காலையில் ஒரு மாதிரி, மாலையில் ஒரு மாதிரி என்று நம்பி இறங்க முடியாது.

மூன்றாவது, கல்சுவரில் அலை மோதித் திரும்பும்போது மணலை அடியோடு அரித்து எடுக்கும். நேற்று முழங்கால் ஆழம் இருந்த இடம் இன்று இடுப்பளவு இருக்கும். அலை திரும்பும் இழுப்பும் சுவரோரத்தில் கூடுதல். மணல் கரை சரிவாக இருக்கும் இடத்தில் ஆள் தடுமாறினாலும் பெரும்பாலும் அலையே கரைப்பக்கம் தள்ளும். சுவரோரத்தில் அது நடக்காது.

பையன் தண்ணீரில் ஆடித்தான் தீர வேண்டும் என்றால் கற்கள் இல்லாத மணல் பகுதியில், மீனவர்களிடம் கேட்டு, கணுக்கால் அளவோடு நிறுத்துங்கள். ஐப்பசி, கார்த்திகையில் அதுவும் கூடாது.

#8 வைகறை

பயனுள்ள தகவல், நன்றி. ஊரைக் காப்பாற்றக் கல் போட்டால் ஊர் தப்பித்துவிடும்தானே? அந்தக் கல்லையே ஏன் குறையாகச் சொல்கிறீர்கள்?

#9 நீரோட்டம்

கல் போட்ட இடம் தப்பிக்கும். பக்கத்து இடம் மாட்டிக்கொள்ளும். சோழமண்டலக் கரையில் மணல் நின்ற இடத்தில் நிற்காது. தென்மேற்குக் காற்றுக் காலத்தில் வடக்கே நகரும், வாடைக் காலத்தில் தெற்கே திரும்பும். வருஷக் கணக்கைக் கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம். இந்த ஓட்டத்துக்குக் குறுக்கே கடலுக்குள் கல்லை நீட்டினால் தெற்குப் பக்கம் மணல் சேரும், வடக்குப் பக்கம் மணல் வரத்து நின்று கரை அரிக்கும். அப்புறம் அங்கே ஒரு கல்வரிசை, அதற்கு வடக்கே இன்னொன்று. கரைக்கு இணையாகப் போடும் சுவரில் இந்த வம்பு குறைவு, ஆனால் சுவருக்கு முன்னால் இருக்கும் மணல் போய்விடும். கோட்டை வேண்டுமா மணல் கரை வேண்டுமா என்று கேட்டால் தரங்கம்பாடி கோட்டையைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. தப்பு என்று சொல்லமாட்டேன். ஆனால் "அழகிய மணற்கடற்கரை" என்று விளம்பரத்தில் போடுவதை நிறுத்தலாம்.

2004 சுனாமியில் மீனவர் குடியிருப்புதான் பலத்த அடி வாங்கியது. மதிலுக்குள் இருந்த பழைய ஊருக்கும் மீனவர் தெருவுக்கும் சேதத்தில் பெரிய வித்தியாசம். கல்லும் தரை உயரமும் செய்த வேலை அது.

#10 மூன்றாம்கண்

ஓசோன் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. உலகத்திலேயே ஓசோன் அதிகம் உள்ள இரண்டாவது கடற்கரை என்று படித்திருக்கிறேன்.

#11 நீரோட்டம்

முதலாவது எது என்று அதில் போட்டிருந்ததா? எந்தக் கருவியை வைத்து, எந்த வருஷம் அளந்தார்கள் என்று? ஒன்றும் இருக்காது. ஒருவர் எழுதியதை இன்னொருவர் பிரதி எடுத்ததுதான்.

வானத்தில் 20, 25 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசோன் நமக்குக் குடை. மூக்குக்கு நேரே இருக்கும் ஓசோன் நுரையீரலை எரிச்சலூட்டும் மாசு. வண்டிப் புகையில் வரும் நைட்ரஜன் ஆக்சைடுகள் மேல் வெயில் படும்போது உண்டாவது. ஒரு கடற்கரையில் நிஜமாகவே ஓசோன் அதிகம் இருந்தால் ஆஸ்துமாக்காரர்களை அங்கே அழைத்துப் போகக் கூடாது என்றுதான் சொல்ல வேண்டும்.

இந்தப் பேச்சு 19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவின் மிச்சம். கடலோர ஊர்களுக்கு நோயாளிகளை வரவழைக்க அந்தக் காலத்து மருத்துவர்கள் "கடற்காற்றில் ஓசோன்" என்று சொன்னார்கள். கடல் வாசனை என்று நாம் உணர்வதில் பெரும்பங்கு டைமெத்தில் சல்பைடு. கடலின் நுண்பாசிகள் சாகும்போதும் தின்னப்படும்போதும் வருவது.

தரங்கம்பாடிக் காற்று நன்றாக இருப்பது உண்மை. தை, மாசியில் வடகிழக்கிலிருந்து கடலைத் தாண்டி வரும் காற்றின் வழியில் ஒரு ஆலைப் புகைபோக்கியும் இல்லை. அதற்கு இந்தக் காரணமே போதும்.

#12 கொல்லத்துக்காரர்

தரங்கம்பாடியில் இருந்த அச்சகத்தை "இந்தியாவின் முதல் அச்சகம்" என்று சொல்லும் பெயர்ப்பலகைப் பெருமையையும் இதோடு சேர்த்து ஒழித்துவிடுங்கள். கோவாவுக்கு அச்சு 1556-லேயே வந்துவிட்டது. தமிழ் எழுத்தில் கொல்லத்தில் 1578-ல் நூல் அச்சாகிவிட்டது.

#13 ஏட்டுச்சுரைக்காய்

முதல் என்பதை எடுத்துவிட்டாலும் தரங்கம்பாடி அச்சகத்தின் பெருமை குறையாது, கொல்லத்துக்காரர் ஐயா. அதன் கதை அவ்வளவு நன்றாக இருக்கிறது.

சீகன்பால்கு, புளூட்சா என்ற இரண்டு ஜெர்மானியப் பாதிரிமார் 1706 ஜூலை 9 அன்று வந்து சேர்ந்தார்கள். சீகன்பால்கு திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு மணலில் விரலால் எழுதித் தமிழ் படித்தவர். டென்மார்க் அரசர் அனுப்பிய ஆள்தான், ஆனால் அரசரின் கம்பெனி கவர்னருக்கு அவரைப் பிடிக்கவில்லை. 1708 கடைசியில் பிடித்து அதே டான்ஸ்போர்க் கோட்டையில் நான்கு மாதம் அடைத்துவைத்தார். கீழ்த்தள அறைகளில் நிற்கும்போது காற்றோட்டம் எவ்வளவு என்று பாருங்கள்.

அச்சு இயந்திரம் இங்கிலாந்திலிருந்து அனுப்பப்பட்டது. வழியில் கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் பிரேசிலில் பிடித்தார்கள், சரக்குக்கு அடியில் கிடந்த இயந்திரம் மட்டும் தப்பியது. கூட வந்த அச்சுக்காரர் நன்னம்பிக்கை முனைக்கருகே இறந்துபோனார். 1713-ல் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தமிழ் எழுத்துகள் வார்த்து வந்து சேர்ந்தன. பிரச்சினை அப்போதுதான் ஆரம்பம்: எழுத்து மிகப் பெரிசு. அந்த அளவில் புதிய ஏற்பாட்டை அச்சடித்தால் கையிருப்புக் காகிதம் முழுக்கத் தீர்ந்தாலும் போதாது. சிறிய எழுத்து வார்க்க ஈயம் வேண்டும். இங்கிலாந்திலிருந்து பாலாடைக்கட்டி வந்த பெட்டிகளின் ஈய மூடிகளை உருக்கினார்கள். மூடி எழுத்தாகி, 1715-ல் புதிய ஏற்பாடு முழுமையாகத் தமிழில் அச்சாகி வந்தது. காகிதத்துக்கென்று பொறையாறு பக்கத்தில் ஆலை வைத்தார்கள். அந்த இடத்துக்குக் கடுதாசிப்பட்டறை என்றே பேர்.

சீகன்பால்கு 1719 பிப்ரவரியில் 36 வயதில் இறந்தார். அடக்கம் செய்தது அவரே முந்தின வருஷம் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்துக்குள். முகப்பில் கிரீடத்தோடு இருக்கும் பின்னல் எழுத்து அந்த டென்மார்க் அரசர் நான்காம் ஃபிரெடெரிக்குடையது. முதலில் 1707-ல் கட்டிய எருசலேம் ஆலயம் கடலோடு போய்விட்டது. அதனால்தான் "புதிய".

#14 வைகறை

ஒன்று புரியவில்லை. அச்சகம், கோட்டை, துறைமுகம் எல்லாம் இருந்த ஊர் ஏன் சென்னை மாதிரி, நாகப்பட்டினம் மாதிரிகூடப் பெருகவில்லை?

#15 ஏட்டுச்சுரைக்காய்

டேனியருக்கு எப்போதும் ஆள் பலமும் இல்லை, பண பலமும் இல்லை. 1639-லிருந்து 1669 வரை, முப்பது வருஷம், டென்மார்க்கிலிருந்து ஒரு கப்பல்கூட வரவில்லை. ஐரோப்பாவில் போர், கம்பெனி திவால். 1655 வாக்கில் கோட்டையில் மிஞ்சியவர் எஸ்கில்ட் ஆண்டர்சன் கொங்ஸ்பாக்கே என்ற ஒரே டேனியர். அவர் உள்ளூர் ஆட்களை வைத்துக்கொண்டு, வங்காள விரிகுடாவில் கப்பல்களைப் பிடித்து, அந்தக் காசில் ஊரைச் சுற்றி மதில் எழுப்பி, தஞ்சைப் படையையும் தாக்குப்பிடித்தார். 1669-ல் கப்பல் வந்தபோது கொடி இறங்காமல் இருந்தது. நீங்கள் நகர வாயிலைத் தாண்டி உள்ளே போகிறீர்களே, அந்த மதில் எல்லையே இப்படி வந்ததுதான்.

18-ஆம் நூற்றாண்டில் கொஞ்சம் செழிப்பு. ஐரோப்பியப் போர்களில் டென்மார்க் நடுநிலை வகித்தபோது அதன் கொடியின் கீழ் சரக்கு போனால் பிடிபடாது. அந்த லாபத்தில்தான் கிங்ஸ் தெருவின் பெரிய வீடுகள் எழுந்தன. 1808-லிருந்து 1815 வரை ஆங்கிலேயர் கைப்பற்றி வைத்திருந்தார்கள், அதோடு வியாபாரம் செத்தது. 1845-ல் வங்காளத்து செராம்பூரோடு சேர்த்து 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். அடுத்த பதினைந்து வருஷம் தஞ்சை கலெக்டரின் தலைமையிடம் இங்கேதான். இப்போது விடுதியாக இருக்கும் கடலோர பங்களா அந்தக் கலெக்டர் பங்களா. மாயூரம் வேதநாயகம் பிள்ளை முன்சீப்பாக இருந்த ஊர்களில் இதுவும் ஒன்று.

கடைசி அடி ரயில். 1861-ல் இருப்புப்பாதை நாகப்பட்டினத்திலிருந்து கிளம்பியது. சரக்கெல்லாம் அங்கே போனது. தரங்கம்பாடிக்கு 1926-ல் மாயவரத்திலிருந்து (இன்றைய மயிலாடுதுறை) மீட்டர் கேஜ் ரயில் வந்தது, வியாபாரம் போய் அறுபது வருஷம் கழித்து. அதையும் 1980-களில் நிறுத்தினார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ரயிலும் துறைமுகமும் இங்கே வந்திருந்தால் அந்தத் தெருக்களை இடித்துக் கிடங்கு கட்டியிருப்பார்கள்.

#16 தட்டாரத்தெரு

சுற்றுலாப் பேச்சுக்கு நடுவில் ஒரு வீட்டுக் கேள்வி, மன்னிக்கவும். அந்த ஊர்ப் பழைய சுவர்களில் தரையிலிருந்து மூன்று நான்கு அடி உயரத்துக்கு சிமென்ட் பூச்சு பொரிந்து பொரிந்து விழுகிறது. மறுபடி பூசினால் இரண்டு வருஷம்கூட நிற்பதில்லை. கடல் உப்பு என்று சொல்லி விட்டுவிட வேண்டியதுதானா? கோட்டைச் சுவர் மட்டும் எப்படி நிற்கிறது?

#17 கொத்துவேலை

கேட்டது நல்லதாகப் போயிற்று. உப்பு காரணம்தான், குற்றவாளி சிமென்ட். தரையிலிருக்கும் ஈரம் செங்கல் வழியாக விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் ஏறும், கூடவே உப்பையும் கொண்டுவரும். சுண்ணாம்புப் பூச்சு மூச்சு விடும். ஈரம் வெளியேறும், உப்பு மேலே வெள்ளையாகப் பூக்கும், துடைப்பத்தால் தட்டிவிடலாம். சிமென்ட் பூசினால் ஈரத்துக்கு வழி அடைபடும். உப்பு பூச்சுக்குப் பின்னால் கட்டியாகி, ஒவ்வொரு வெயிலுக்கும் மழைக்கும் ஊதி ஊதி, செங்கல்லையே மாவாக்கும். பூச்சு விழும்போது செங்கல்லின் தோலையும் உரித்துக்கொண்டு விழும். மேலே இன்னொரு அடி பூசினால் ஈரம் இன்னொரு அடி ஏறும். அவ்வளவுதான்.

செய்ய வேண்டியது:

சிமென்டை ஈரம் தெரியும் கோட்டுக்கு மேலே ஒரு அடி வரைக்கும் முழுக்கக் கொத்தி எடுங்கள். செங்கல் இடுக்குகளை ஒரு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவாகச் சுரண்டுங்கள். உலர்ந்த தூரிகையால் உப்பைத் தட்டிக் கூட்டி அள்ளி வெளியே போடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள், எல்லாரும் செய்யும் தப்பு இது. கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளேதான் போகும். காகிதக் கூழையோ களிமண்ணையோ ஈரமாக அப்பி, காய்ந்து தானாக உதிரும் வரை விட்டு எடுங்கள். இரண்டு மூன்று தடவை. அப்புறம் சித்திரையிலிருந்து ஆனி வரைக்கும் சுவரைத் திறந்தபடி காயவிடுங்கள். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சுண்ணாம்பு: கிளிஞ்சல் சுண்ணாம்பு கிடைத்தால் நல்லது. தொட்டியில் முதலில் தண்ணீர், அதற்குள் சுண்ணாம்பு. மாற்றிச் செய்தால் கொதித்துத் தெறித்துக் கண் போகும். நீர்த்ததைச் சல்லடையில் வடிகட்டி, மேலே எப்போதும் தண்ணீர் நிற்கும்படி குறைந்தது 15 நாள் ஊற விடுங்கள். மூன்று மாதம் ஊறினால் வெண்ணெய் மாதிரி இருக்கும். மணல் ஆற்று மணல், கழுவியது. கடல் மணல் ஒரு கரணைகூடக் கூடாது, உப்பை வெளியே எடுத்துவிட்டு நாமே உள்ளே வைப்பதாகும்.

முதல் பூச்சு சுண்ணாம்பு 1, மணல் 3, அரை அங்குலத்துக்கு மேல் வேண்டாம். ஒரு வாரம், பத்து நாள் விட்டு இரண்டாம் பூச்சு 1-க்கு 2, கால் அங்குலம். கடைசியில் சலித்த சுண்ணாம்பு மெல்லிய பூச்சு, கூழாங்கல்லால் தேய்த்து மெருகு. கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைக் கலவைக்கு விடுவது வழக்கம். அளவு கொத்தனாருக்குக் கொத்தனார் மாறும். வெல்லம் கூடிப்போனால் பூச்சு இறுகாது, எறும்பும் வந்து சேரும்.

கடற்காற்று பூச்சைச் சீக்கிரம் உலர்த்திவிடும், உலர்ந்தால் மயிரிழை வெடிப்பு வரும். ஈரச் சாக்கைத் தொங்கவிட்டுப் பத்து, பதினான்கு நாள் தெளித்துக்கொண்டே இருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வேலையே எடுக்காதீர்கள். எல்லாம் முடிந்து மேலே பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் அத்தனையும் வீண். வெள்ளைதான் அடிக்க வேண்டும், நீர்க்க மூன்று தடவை.

இன்னொன்று: வாசலில் சிமென்ட் ரோடு போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்திருக்கும். மழைத்தண்ணீர் சுவரில் போய் நிற்கும். அந்தத் தண்ணீருக்கு வாய்க்கால் வெட்டாமல் சுவருக்கு வைத்தியம் பார்ப்பது வீண்செலவு.

#18 தட்டாரத்தெரு

இவ்வளவு விளக்கமாக எதிர்பார்க்கவில்லை, கும்பிடுகிறேன். மேல்மச்சு ஒழுகலுக்கும் இதே சுண்ணாம்புதானா?

#19 கொத்துவேலை

மெட்ராஸ் டெரஸ் என்றால் ஆமாம். அடியிலிருந்து சொன்னால்: தேக்குச் சட்டங்கள், ஒன்றுக்கொன்று ஒரு அடி, ஒன்றேகால் அடி இடைவெளியில். அதன்மேல் 15-க்கு 7.5-க்கு 2.5 சென்டிமீட்டர் அச்சுக்கல் என்ற மெல்லிய சிறு செங்கல், படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி, சட்டங்களுக்குக் குறுக்குச் சாய்வாக மூலையிலிருந்து தொடங்கி அடுக்கியிருக்கும். மேலே மூன்று நான்கு அங்குலம் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும், மரக்கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்கியது. அதற்கும் மேலே தட்டோடு, அதாவது தட்டையான ஓடு.

ஒழுகினால் உடனே மேலே சிமென்ட் கான்கிரீட் போடுகிறார்கள். பாரம் கூடும், வெடிப்பில் இறங்கிய தண்ணீர் திரும்ப வெளியேறாது, சட்டத்தின் சுவருக்குள் செருகிய முனை மக்கும். மச்சு விழுவது பெரும்பாலும் அந்த முனையிலிருந்துதான். கீழேயிருந்து ஒரு ஆணியால் குத்திப் பாருங்கள், சுவரை ஒட்டிய இடத்தில் மெதுவாக இறங்கினால் மேலே ஆள் ஏற்றாதீர்கள். அரசங்கன்று முளைத்திருந்தால் இழுத்துப் பிடுங்க வேண்டாம், ஜல்லியோடு பெயர்ந்து வரும். வெட்டிவிட்டு வேரைச் சாகடிக்க வேண்டும்.

வைகறை, உங்களுக்கும் இது உபயோகப்படும். கிங்ஸ் தெருவில் எந்த வீட்டைச் சுண்ணாம்பில் பழுதுபார்த்திருக்கிறார்கள், எதில் சிமென்ட் அப்பியிருக்கிறார்கள் என்று சுவரின் அடி மூன்று அடியைப் பார்த்தே சொல்லிவிடலாம். பழைய தட்டாரத் தெருவில் சில வீடுகளைச் சுண்ணாம்பிலேயே திருப்பிக் கட்டியிருக்கிறார்கள், அதையும் நடந்து பாருங்கள்.

#20 வைகறை

அப்போது இப்படி வைத்துக்கொள்கிறேன்: சனிக்கிழமை பிற்பகல் போய்ச் சேர்ந்து கோட்டை, திடல், கடல். ஞாயிறு காலை சூரிய உதயம், கோயில், ஆலயங்கள், தெருக்கள். பத்து மணிக்குக் கிளம்பித் திருக்கடையூர். சரியா?

#21 கரையோரம்

கிட்டத்தட்ட. ஞாயிறு காலை ஆலயங்களில் ஆராதனை நடக்கும், அந்த நேரத்தில் கேமராவோடு உள்ளே சுற்ற முடியாது. ஆலயங்களைச் சனிக்கிழமைக்கு மாற்றுங்கள், அல்லது ஆராதனை முடிந்த பிறகு கேட்டுக்கொண்டு போங்கள். தை கடைசியில் சூரியன் ஆறரை ஒட்டி எழும். ஆறேகாலுக்குக் கடற்கரையில் இருந்தால் போதும். கோட்டைச் சுவர் மேற்கிலிருந்து பார்த்தால் காலையில் இருட்டாகத் தெரியும், படம் எடுக்க மாலை வெளிச்சம்தான். காலையில் கடல் பக்கம் நின்று எடுங்கள்.

ரயிலில் வந்தால் மயிலாடுதுறையில் இறங்குங்கள். அங்கிருந்து செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர் வழியாகப் பஸ், முப்பது கிலோமீட்டர் சுமார். ஆகவே திருக்கடையூர் உங்கள் வழியிலேயே இருக்கிறது. பெரியவர்களோடு ஞாயிறு பத்தரை மணிக்கு அங்கே போனால் அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணக் கூட்டத்தில் மாட்டுவீர்கள். போகும்போதே, சனிக்கிழமை காலையிலேயே அதை முடித்துக்கொண்டால் மதியம் நடை சாத்துவதற்குள் தரிசனம் ஆகிவிடும், பிற்பகலுக்குத் தரங்கம்பாடியும் சேர்ந்துவிடலாம்.

சாப்பாட்டுக்கு மதில் எல்லைக்குள் கடைகள் குறைவு. விடுதியில் சாப்பிடாவிட்டால் மெயின் ரோடு, இல்லையென்றால் பொறையாறு. ராத்திரி ஒன்பதுக்கு மேல் தேடாதீர்கள்.

#22 நீரோட்டம்

ஒரு சின்னச் சேர்க்கை. கோயிலுக்குக் கரையோடு நடந்து போகாமல் தெரு வழியாகப் போங்கள். கற்களின் மேல் பெரியவர்களால் நடக்க முடியாது, பனியில் காலை எட்டு மணி வரைக்கும் ஈரமாகவே இருக்கும்.